ஆண்டு முழுவதும் கைகொடுக்கும் உருளைக்கிழங்கு!

மாதம் 27-ந் தேதி. சம்பளம் வர இன்னும் நாலு நாள் இருக்கிறது. காய்கறிக் கூடையில் வாடிய கத்தரிக்காய் இரண்டும், ஒரு பிடி கறிவேப்பிலையும்தான் கிடக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வரும் நேரம். "அம்மா, இன்றைக்கு என்ன கறி?" என்று வாசலிலேயே கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பயப்படாத இல்லத்தரசி ஒருவர் உண்டு. அடுக்களை மூலையில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வைத்திருப்பவர்தான் அவர்!

எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. கோவையில் நான் சிறுவனாக இருந்தபோது, என் தகப்பனார் வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு வந்தது. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. வேலை இல்லை, கூலியும் இல்லை. என் தாயார் கையில் இருந்த பணத்துக்கு அரிசியும் பருப்பும் வாங்கினார். மிச்சப் பணத்துக்கு அரை மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி, கட்டிலுக்கு அடியில் கோணிப்பையை விரித்துப் பரப்பி வைத்தார்.

ஒரு நாள் பொடிமாஸ். ஒரு நாள் காரக்கறி. ஒரு நாள் புளிக்குழம்பு. தினமும் அதே கிழங்குதான். ஆனால் "இன்றைக்கும் உருளைக்கிழங்கா?" என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நேற்றுச் சாப்பிட்டதுபோல் இன்று இருக்காது!

அந்த நாட்களில் என் தாயாரிடம் பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

உருளைக்கிழங்கு நம் நாட்டுப் பயிர் அல்ல. அதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே பெரு, பொலிவியா நாடுகளில் ஆண்டீஸ் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அந்த மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டார்கள்.

16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டார் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். போர்ச்சுக்கீசியர் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் சொன்ன பெயரை ஒட்டித்தான் மராட்டியத்திலும் குஜராத்திலும் இன்றும் இதை "பட்டாட்டா" என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இது வேரூன்றிய இடம் நீலகிரி. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் குடியேறினார்கள். தங்கள் நாட்டுக் காய்கறிகளை அங்கே விளைவித்தார்கள். பிறகு படுகர் இன மக்கள் அந்தச் சாகுபடியைத் தங்கள் தொழிலாகவே ஆக்கிக் கொண்டார்கள். ஊட்டிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு இறங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் போயிற்று.

வந்த காலத்தில் நம்மவர்கள் இதை "இங்கிலீஷ் காய்" என்று ஒதுக்கினார்கள். திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் இதற்கு இடமில்லை. ஆனால் கல்யாணப் பந்தியிலோ உருளைக்கிழங்குக் கறி இல்லாவிட்டால் குறை சொல்வார்கள்! சேனை, சேப்பங்கிழங்கு, சிறுகிழங்கு என்று கிழங்கு சமைத்துப் பழகிய கை நம் தாய்மார்களின் கை. அந்தப் பக்குவத்தை இதற்கும் கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கிழங்கு நம் வீட்டுக் கிழங்காக மாறிவிட்டது.

எப்போதும் கிடைப்பது எப்படி?

கத்தரிக்காய்க்கு ஒரு காலம், முருங்கைக்காய்க்கு ஒரு காலம் உண்டு. உருளைக்கிழங்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் கடையில் இருக்கிறதே, எப்படி?

உலகில் உருளைக்கிழங்கு அதிகமாக விளையும் நாடு சீனா. அடுத்த இடம் இந்தியாவுக்கு. உத்தரப்பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார், குஜராத் மாநிலங்களில் ஏராளமாக விளைகிறது. அங்கே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டி எடுக்கிறார்கள். விற்றது போக மிச்சத்தைக் குளிர்பதனக் கிடங்குகளில் அடுக்கி, மழைக்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறார்கள்.

நீலகிரியில் ஆண்டுக்கு மூன்று போகம். ஜனவரி-பிப்ரவரியில் ஒரு நடவு, ஏப்ரல்-மேயில் ஒரு நடவு, ஆகஸ்டு-செப்டம்பரில் ஒரு நடவு. கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் மழைக்காலத்தில் விளைகிறது. இப்படி ஓரிடத்தில் ஓய்ந்தால் இன்னோர் இடத்தில் இருந்து வண்டி வந்து விடுகிறது.

ஆகவே கடையில் இருக்கும் கிழங்கு எல்லா மாதமும் ஒன்றல்ல. ஒரு சமயம் நேற்றுத் தோண்டிய கிழங்கு. ஒரு சமயம் ஆறு மாதம் கிடங்கில் தூங்கிய கிழங்கு. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி!

புதுசா, பழசா?

கிழங்கைக் கையில் எடுங்கள். கட்டை விரலால் தோலைத் தேயுங்கள். தோல் மெல்லியதாக உரிந்து வந்தால் அது புதுக் கிழங்கு. அதில் நீர் அதிகம். வெந்தாலும் உடையாது. வறுவல், குழம்பு, குருமா ஆகியவற்றுக்கு ஏற்றது.

தோல் தடித்து, தேய்த்தால் வராமல் இருந்தால் அது பழைய கிழங்கு. வெந்தால் மாவாக உதிரும். பொடிமாஸ், மசால், போண்டா ஆகியவற்றுக்கு அதுதான் சிறந்தது. பழைய கிழங்கைக் குழம்பில் போட்டுக் கரைந்து போயிற்றே என்று வருந்துவதும், புதுக் கிழங்கைப் பிசைந்து பசைபோல் ஆயிற்றே என்று வருந்துவதும் வீண்.

தை, மாசி

பொங்கலை ஒட்டிப் புதுக் கிழங்கு வர ஆரம்பிக்கும். விலையும் இறங்கும். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாகச் சின்ன உருளையும் கிடைக்கும். அதை விடாதீர்கள்.

அரை கிலோ சின்ன உருளையை வேகவைத்துத் தோலை உரியுங்கள். ஊசியாலோ முள்கரண்டியாலோ நாலு இடத்தில் குத்துங்கள். ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், தேவையான உப்பு, தட்டிய பூண்டு நாலு பல் ஆகியவற்றைப் புரட்டி, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். வாணலியில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, கிழங்கைப் போட்டுச் சிறு தீயில் புரட்டுங்கள். அவசரப்படக் கூடாது. பொன்னிறமாக மொறுமொறுப்பு ஏறும்வரை விட்டு விட்டுப் புரட்ட வேண்டும். ரசம் சாதத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

பங்குனி, சித்திரை, வைகாசி

வெயில் காய்கிறதே என்று அலுத்துக் கொள்ளாதீர்கள். வெயில் இலவசம். வற்றல் போட்டு விடுங்கள்!

நன்றாக முற்றிய கிழங்காகப் பார்த்து, தோல் சீவி, மெல்லிய வட்டமாக அரியுங்கள். அரிந்ததை உடனே தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துவிடும். வேறு பாத்திரத்தில் உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். அதில் வில்லைகளைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து விடுங்கள். அரை வேக்காடுதான் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியை விரித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்புங்கள். இரண்டு மூன்று நாள் வெயிலில் கலகலவென்று காய்ந்ததும் டப்பாவில் அடையுங்கள். மழைக்காலத்தில் ஒரு பிடி எடுத்துப் பொரித்தால் போதும். அன்றைக்குக் கறி முடிந்தது.

இந்த யோசனை நமக்கு மட்டும் தோன்றியது அல்ல. ஆண்டீஸ் மலைவாசிகள் இரவுப் பனியில் கிழங்கை உறைய விடுவார்கள். காலையில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து வெளியேற்றுவார்கள். பகல் வெயிலில் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த கிழங்கு வருடக் கணக்கில் கெடாது. பஞ்சம் வந்தால் அதுவே சோறு.

கோடையில் தயிர் சாதத்துக்குக் காரக்கறி செய்யலாம். இரண்டு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி கொத்துமல்லி விதை, ஒரு தேக்கரண்டி கடலைப்பருப்பு ஆகியவற்றை வறுத்துப் பொடி செய்து, வதக்கிய கிழங்கின்மேல் தூவிப் புரட்டி இறக்குங்கள். ரெயில் பயணத்துக்கும் இது ஏற்றது.

ஆனி, ஆடி, ஆவணி

பள்ளிக்கூடம் திறந்துவிடும். காலை எட்டு மணிக்குள் சாப்பாட்டு டப்பா தயாராக வேண்டும். இந்த அவசரத்துக்கு உதவுவது பொடிமாஸ்.

நாலு கிழங்கை முந்தின இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் தோலை உரித்து உதிர்த்துக் கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, பெருங்காயம், கீறிய பச்சை மிளகாய், நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கிழங்கைப் போடுங்கள். இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்புத் தட்டும்.

மிஞ்சினால் வீணாகாது. மாலையில் தோசைக்குள் வைத்து மடித்துக் கொடுங்கள். மசால் தோசை என்று பிள்ளைகள் குதிப்பார்கள்!

புரட்டாசி

பல வீடுகளில் புரட்டாசி முழுவதும் கவிச்சி கிடையாது. அப்போது கறிக்குழம்பின் இடத்தைப் பிடிப்பது உருளைக்கிழங்குதான். சோம்பு, பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயமும் தக்காளியும் வதக்கி, அரை மூடித் தேங்காயைக் கசகசாவோடு அரைத்து விட்டால் குருமா மணக்கும். ஒரு பிடி பட்டாணி சேர்த்தால் சத்தும் கூடும்.

மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பிலும் இதற்கு வேலை உண்டு. வீட்டில் ஆறு பேர். வாங்கியதோ அரைக் கிலோ ஆட்டுக்கறி. எப்படிப் பங்கிடுவது? கறி முக்கால் வேக்காடு வெந்ததும், இரண்டு கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டிப் போடுங்கள். கறியின் சாற்றை உறிஞ்சிக் கொண்டு கிழங்கும் கறியாகிவிடும். பல வீடுகளில் பிள்ளைகள் கறியை விட்டுவிட்டுக் கிழங்குக்குச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்!

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

அடைமழைக் காலம். கிடங்குக் கிழங்கு தீரும் சமயம். விலை சற்று ஏறுவதும் உண்டு. ஆகவே கொஞ்சமாக வாங்குங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் இருந்து வந்த கிழங்கு சில சமயம் இனிக்கும். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதுதான் காரணம். எண்ணெயில் போட்டால் சீக்கிரம் கருகும். வாங்கி வந்ததும் சில நாள் வெளியே, காற்றாட வைத்திருந்தால் இனிப்புக் குறையும்.

மழை பெய்யும் மாலையில் போண்டா போடாத வீடு உண்டா? பூரி மசால் இன்னும் எளிது. நாலு கிழங்கை வேகவைத்துப் பாதி மசித்து, பாதி துண்டாக விடுங்கள். இரண்டு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மஞ்சளும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். கிழங்கைச் சேர்த்து, ஒரு தேக்கரண்டி கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மசால் சேர்ந்தாற்போல் கெட்டியாக வரும்.

மார்கழிக் குளிருக்குப் புளிக்குழம்பு. இதில் ஒரு ரகசியம் உண்டு. புளித்தண்ணீரில் கிழங்கு வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். ஆகவே கிழங்கை முதலில் வெறும் தண்ணீரில் வேகவைத்து, பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும்.

சின்னச் சின்ன யோசனைகள்

முழுக் கிழங்கை வேகவைக்கும்போது பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் வெளியே வெடித்துவிடும், உள்ளே வேகாது.

தோலோடு வேகவையுங்கள். தோல் சீவி, துண்டு போட்டு வேகவைத்தால் சத்து தண்ணீரில் போய்விடும்.

குழம்பில் உப்புக் கூடிவிட்டால் ஒரு கிழங்கை வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது. உப்பான குழம்பைக் குடிக்கும், அவ்வளவுதான். கிழங்கோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க விட்டால் உப்பு மட்டுப்படும்.

வாங்கி வந்த கிழங்கைக் கழுவி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். வெங்காயக் கூடையில் கொட்டாதீர்கள். வெளிச்சம் படாத, காற்றோட்டமான மூலையில் கோணியிலோ பிரம்புக் கூடையிலோ வையுங்கள். ஒன்று அழுகினால் உடனே எடுத்து விடுங்கள். விட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

பச்சை ஏறினால் வேண்டாம்!

இதை எல்லோரும் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாக மாறும். அந்த இடத்திலும், முளையிலும் சொலனின் என்னும் நச்சுப் பொருள் கூடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. அதிகமாகச் சாப்பிட்டால் வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி வரும். பிள்ளைகளை அது சீக்கிரம் தாக்கும்.

சிறிதாக ஓர் இடத்தில் மட்டும் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியுங்கள். முளைக்கண்ணையும் தோண்டி எடுங்கள். கிழங்கு முழுவதும் பச்சை பாய்ந்திருந்தால், அல்லது வாயில் வைத்ததும் கசந்தால், முழுவதையும் குப்பையில் போடுங்கள்.

கதவடைப்பு நாட்களில் ஒரு மாலை. கட்டிலுக்கு அடியில் ஓரமாக இருந்த ஏழெட்டுக் கிழங்குகள் பச்சை பாய்ந்து விட்டன. ஜன்னல் வெளிச்சம் பட்டிருக்கிறது. என் தாயார் ஒவ்வொன்றாகப் பார்த்து வெளியே எறிந்தார். "கையில் காசு இல்லாத நேரத்தில் எறிகிறாயே!" என்று பாட்டி கோபித்துக் கொண்டார். "காசு இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி வந்தால் டாக்டருக்கு யார் கொடுப்பது, அத்தை?" என்று என் தாயார் கேட்டார். பாட்டி பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மிச்சக் கிழங்கைச் சாக்கால் மூடி வைத்தார்.

கிழங்கு மட்டும் போதாது

"உருளைக்கிழங்கு உடம்பைப் பெருக்க வைக்கும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். 100 கிராம் கிழங்கில் சுமார் 77 கலோரிதான் இருக்கிறது. அதே 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. கிழங்கில் ஓரளவு வைட்டமின் 'சி'யும் உண்டு. உடம்பைப் பெருக்க வைப்பது அதைப் பொரிக்கும் எண்ணெய். 100 கிராம் சிப்சில் 500 கலோரிக்கு மேல் ஏறிவிடுகிறது!

ஆனால் கிழங்கில் புரதம் குறைவு. 100 கிராமில் 2 கிராம்தான். சோறும் மாவு, கிழங்கும் மாவு. ஆகவே கிழங்குக் கறி வைக்கும் நாளில் பருப்போ, முட்டையோ, கீரையோ சேர்த்துக் கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கை ஒரு காய் என்று நினைக்கக் கூடாது; சோற்றின் பங்கில் கணக்கு வைக்க வேண்டும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒரே பயிரை நம்பிக் கெட்ட நாடும் உண்டு. அயர்லாந்தில் ஏழைகள் உருளைக்கிழங்கை மட்டுமே நம்பி வாழ்ந்தார்கள். 1845-ல் பயிரில் கருகல் நோய் விழுந்தது. தோட்டம் தோட்டமாகக் கிழங்கு அழுகிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். மேலும் பல லட்சம் பேர் கப்பல் ஏறி நாட்டை விட்டே போனார்கள். அடுக்களைக்கும் இது நல்ல பாடம். உருளைக்கிழங்கைத் துணையாக வைத்துக் கொள்ளுங்கள். அதையே உணவாக ஆக்கிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் என் தாயார் வெறும் கிழங்கைக் கொடுத்ததில்லை. வேலியோரத்து முருங்கைக்கீரையைப் பறித்து வந்து பருப்போடு வேகவைப்பார். பக்கத்தில் ஒரு கரண்டி கிழங்குக் கறி இருக்கும். மில் சங்கு மறுபடியும் ஊதிய அன்று, கோணியில் எட்டுக் கிழங்குகள் மீதி இருந்தன. அன்று கறி எடுத்துக் குழம்பு வைத்தார். அந்த எட்டுக் கிழங்குகளையும் அதில்தான் போட்டார்!